வேலிக்கு வெளியே நின்ற எஸ்தர் அக்கா

சிம்பாங் ரெங்கம் டவுனில் ராவுத்தர் கடையில் உப்பும் புளியும் வாங்கிக்கொண்டிருந்தேன். "எஸ்தரம்மா நேத்து தவறிட்டாங்களாம், தெரியுமாம்மா?" என்றார் ராவுத்தர். மாரடைப்பாம். சாமான்களை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எஸ்தர் அக்கா மருத்துவச்சி. இதைப் படிக்கிற உங்களில் பலருடைய பிள்ளைகளை முதலில் ஏந்தியது அவர் கைதான். அவர் லுத்தரன் சபை, நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் கோயிலில் அவர் சபையாருக்குப் பதிதர், உண்மை வேதத்தை விட்டு விலகியவர்கள், என்று பெயர். அவருக்கு அது தெரியும். "பதிதச்சி போட்ட கசாயம், பாத்துக் குடி ஞானம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டுவார்.

என் மூத்தவன் பிறந்தது காலைப் பெரட்டுக்கு மணியடித்து, ஆட்கள் வேலைக்கு வரிசையில் நின்ற நேரம். பிள்ளை அழவில்லை. நீலம் பாய்ந்துகொண்டே வந்தது. எங்கள் கோயில் சாமியார் ஜொகூர் பாருவில் இருந்தார், அவர் இல்லாதபோது கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் பக்கத்துத் தோட்டத்தில். அக்கா யாருக்கும் ஆள் அனுப்பவில்லை. கையில் தண்ணீரை எடுத்துப் பிள்ளையின் தலையில் ஊற்றி, சூசை என்று பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தார். அவர் சபையில் அந்தப் பெயரை யோசேப்பு என்றுதான் வைப்பார்கள். எங்கள் வழக்கத்தை நினைத்துச் சூசை என்றார். வெயில் ஏறுமுன் பிள்ளை போய்விட்டது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த கல்லறையில் இடமில்லை. பதிதர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்று அக்காவை விசாரிக்க, உபதேசியார் வந்து வேலியோரம் சவப்பெட்டியைத் தடுத்து நிறுத்தினார்.

"என்ன சொல்லி ஊத்தினீங்க?"

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரால. வேற யார் பேர் இருக்கு?"

"திருச்சபை செய்யறதைச் செய்யணும்னு நினைச்சுத்தான் செஞ்சீங்களா?"

"இந்தப் பிள்ளை ஆண்டவர்கிட்ட போகணும்னு நினைச்சேன், ஐயா."

உபதேசியார் வேலிக் கதவைத் திறந்தார். பிறகு, "செல்லும்" என்றார். என் சூசை உள்ளே போனான். அக்கா வெளியே நின்றார்.

அதன்பின் ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் நான் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அக்கா வேலிக்கு அப்பால் வந்து நிற்பார். உள்ளே வாங்க என்றால், "யாராவது முகத்தைத் தூக்குவாங்க. கூப்பிடாத எடத்துக்கு எதுக்கு?" என்பார். ஒருமுறை, "இவன் மோட்சத்துல இருக்கான், இவனுக்கு எதுக்குடி ஜெபம்? இவன்தான் நமக்காகக் கேக்கணும்" என்றார்.

அக்கா இறந்த செய்தி வந்த அன்று சாமியார் பூசைக்காகத் தோட்டத்துக்கு வந்திருந்தார். நேரே அவரிடம் போய் அக்காவுக்காகப் பூசை வைக்கக் கேட்டேன். சபைக்கு வெளியே இறந்தவர் பெயரால் பொதுப் பூசை வைக்க முடியாது என்றார். அடக்கத்துக்குப் போகலாம், நிற்கலாம், அவர்களோடு சேர்ந்து ஜெபிக்கக் கூடாது என்றார். நான் அழுவதைப் பார்த்து அவருக்கும் பொறுக்கவில்லை. "தன் குற்றமில்லாமல் அறியாதவர்களை ஆண்டவர் தள்ளிவிட மாட்டார், மகளே" என்றார்.

"அக்காவுக்கு என்ன தெரியாது, சாமி?" என்று கேட்டேன். அவர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அறியாமை என்ற அந்தச் சொல்லை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

அடக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எல்லாரும் கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னார்கள். நாலு வயதிலிருந்து நான் சொல்லிவரும் அதே ஜெபம். அக்காவுக்காக அதில் ஒரு வார்த்தைகூட என்னால் சொல்ல முடியவில்லை. மண் போட்டதும் யாரிடமும் பேசாமல் எங்கள் கல்லறைக்கு நடந்தேன்.

அவர் எனக்கு விட்டுப்போனது சூசை என்ற அந்தப் பெயர் ஒன்றுதான். வேலியைத் தாண்டி உள்ளே போய் அவன் குழியருகே உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"சூசை, உன் தலையில தண்ணி ஊத்தினவங்க அங்க வர்றாங்க. வாசலோடயே நின்னுடுவாங்க, கூப்பிடாம உள்ள வரமாட்டாங்க. நீ போய்க் கூட்டிட்டு வாப்பா."