தேனீ வண்டியும் மீட்டரக்காவும்

"சாவியைப் போடுங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க, போட மட்டும் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு மீட்டரக்கா கண்ணை மூடிக்கொள்கிறார். பானெட்டைத் திறப்பதெல்லாம் பிறகு. முதலில் காது. பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் பம்ப் ஒரு மூச்சு நேரம் முனகி நிற்க வேண்டும். டாஷ்போர்டுக்குப் பின்னால் ரிலே சுவிட்ச் 'டிக்' என்று விழ வேண்டும். அந்த நேரத்தில் யாராவது இருமினால் திரும்பி ஒரு முறை முறைப்பார். இருமல் தானாக நின்றுவிடும்.

கழுத்தில் எந்நேரமும் கரண்ட் அளக்கும் மல்ட்டிமீட்டர் தொங்கும். பெயர் அப்படி வந்ததுதான். "சமையக்கட்டுலயும் கழட்ட மாட்டா. பால் பொங்குமா பொங்காதான்னு அதை வச்சுத்தான் பாக்குறா" என்கிறார் அவர் கணவர். அவர் எஞ்சின் மெக்கானிக். ஒரே ஒர்க்‌ஷாப்பில் இருவருக்கும் பாதிப் பாதி. அவர் பக்கத் தரை எண்ணெயில் கறுத்துக் கிடக்கிறது. அக்கா பக்கத்தில் செருப்போடு கால் வைக்க முடியாது. "எண்ணெயில முங்குறது அவர் வேலை, வயர்ல தொங்குறது என் வேலை" என்பது அக்காவின் பாகப்பிரிவினை.

அடக்கம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. "நான் பாத்தும் கிளம்பலன்னா அது வண்டியே இல்ல, தகரம்" என்பார். வருகிறவர்களுக்கு ஒரு கட்டளை உண்டு: "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. கேக்காததைச் சொல்லிக் குழப்பாதீங்க."

என் வண்டியைக் காட்ட நான் போயிருந்த ஒரு காலையில், நாலைந்து பேர் ஒரு பிக்கப் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டதும் திரும்பிப் பார்க்காமல் ஓட்டமெடுத்தார்கள். வண்டியின் பின்னால் மரப்பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. அத்தனையிலும் தேனீக்கள்.

வண்டிக்காரர் தேனீ வளர்ப்பவர். பூ முடிந்துபோன தோட்டத்திலிருந்து பூத்திருக்கும் தோட்டத்துக்கு வெயில் ஏறுமுன் போய்ச் சேர வேண்டியவர். சிக்னலில் நின்ற வண்டி அப்புறம் கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. அடுத்த தெரு ஒர்க்‌ஷாப்பில், எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர் செத்துவிட்டது, புதிது வர ஒரு வாரம் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்கள். வேறு வண்டி கூப்பிட்டால், வந்தவர்கள் பெட்டிகளைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டார்கள்.

அக்கா கண்ணை மூடினார். சாவி திரும்பியது. எதுவும் கேட்கவில்லை. பெட்டிகளின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கியது.

"இவங்களக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கண்ணே."

"சும்மா இருந்தா செத்துட்டாங்கன்னு அர்த்தம்மா" என்றார் தேன்காரர், ஈரச் சாக்குகளை இழுத்துவிட்டபடி. "சூடு தாங்காம றெக்கையால விசிறிக்கிறாங்க. வண்டி ஓடினா காத்து போகும். நின்னா வேகும். இந்தச் சத்தம் அடங்கிடுச்சுன்னா என் பொழப்பே போச்சு."

"தொறந்து விட்டுடுங்களேன்" என்றார் கணவர். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"விட்டா தெருவே காலியாயிடும் சார்."

காது உதவாது என்று தெரிந்ததும் அக்கா கண்ணைத் திறந்தார். டாஷ்போர்டைப் பார்த்தார். சாவி போட்டதும் எரிய வேண்டிய மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியவில்லை. மீட்டரின் இரண்டு முனைகளும் எஞ்சினுக்குள் அங்குமிங்கும் தொட்டன. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகிறது. ஆனால் சூடும் அழுத்தமும் அளந்து சொல்லும் சென்சார்களுக்கு அது அனுப்பவேண்டிய சின்ன கரண்ட் வரவே இல்லை.

"செத்தவன் பேச மாட்டான், சரி. வாயைப் பொத்தி வச்சிருந்தாலும் பேச மாட்டான்ல? எல்லாச் சென்சாருக்கும் ஒரே லைன்ல கரண்ட் போகுது. அதுல ஒருத்தன் உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகி மொத்தத்தையும் அமுக்கிப் பிடிச்சிருக்கான். நான் ஒவ்வொண்ணா கழட்டுறேன். விளக்கு வந்தா கத்துங்கண்ணே."

தேன்காரர் ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தார். கழுத்து மட்டும் பின்பக்கம் திரும்பியே இருந்தது.

"முன்னாடி பாருங்கண்ணே!"

ஒரு கிளிப்பைக் கழற்றினார். "வரல." அடுத்தது. "வரல." வெளியே சுற்றிய தேனீ ஒன்று அக்காவின் மணிக்கட்டில் உட்கார்ந்து கொட்டியது. விரல் கிளிப்பின் மேல் இருந்தது, எடுக்கவில்லை. கிளிப் கழன்ற பிறகுதான் கையை உதறினார். வீக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை.

எஞ்சினில் இருந்த சென்சார்களின் கிளிப்புகள் எல்லாம் கழன்று தொங்கின. விளக்கு வரவில்லை.

"ஒத்துக்கோ தாயே, கம்ப்யூட்டர் போயிடுச்சு" என்றது ஹெல்மெட்.

அப்போதுதான் தேன்காரர் கதவைத் திறந்துகொண்டு பின்னால் ஓடினார். வலது ஓரப் பெட்டியின் இரைச்சல் தேய்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கெல்லாம் ஒரே சத்தமாகக் கேட்டதில் அவருக்கு அந்த ஒரு பெட்டி மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறது. சாக்கின்மேல் தண்ணீரை அள்ளி ஊற்றினார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அண்ணே, வண்டியில வேற என்ன கோளாறு? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"வேறன்னா... ஏசி நேத்துலேர்ந்து வரல."

"இதை மொதல்லயே சொல்ல மாட்டீங்களா!"

"கேக்காததைச் சொல்லாதீங்கன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க."

அக்கா வண்டியின் முன்பக்கம் ஓடினார். முன் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடுக்கில், கையை முழங்கை வரை விட்டார். அந்தக் கை ஏசிக் குழாயைத் தேடவில்லை. இருட்டில் சுவிட்சுக்குப் போகும் கை போல நேராகப் போனது. குழாயின் மேல் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார், அதற்கும் கரண்ட் அதே லைனில்தான். கிளிப்பை இழுத்தார்.

"உக்காருங்க, உக்காந்து பாருங்க!"

"வந்துடுச்சு! அம்மா, எரியுது!"

குளிர் காற்றுக்காக வைத்த குட்டிச் சாமான் ஒன்று ஒரு முழு எஞ்சினையும் ஊமையாக்கி வைத்திருந்தது. வெறும் கை அதைக் கண்டுபிடித்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. மற்றவற்றை அவர் மாட்டிய வேகத்தில் எந்த வயர் எங்கே போனதென்று கண்ணால் தொடர முடியவில்லை. சாவி திரும்பியது. எஞ்சின் ஒரு முறை திணறி, பிடித்துக்கொண்டது. ஹெல்மெட் தன்னை மறந்து கைதட்டியது.

"அதை மாட்டாமயே போங்க. ஏசி வராது. நீங்க வேர்த்தா பரவால்ல."

தேன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா நிற்கவில்லை, வண்டியின் பின்பக்கம் போய்விட்டார். "ஏய், கிட்டப் போகாத!" என்று கணவர் கத்தினார். வலது ஓரப் பெட்டியின் சாக்கை விலக்கி, வீங்கிய கையின் உள்ளங்கையைப் பலகையின் மேல் வைத்தார் அக்கா. எங்கள் எல்லோரையும் பேசாமல் இருக்கும்படி மற்றக் கையை உயர்த்தினார். "விசிறிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார். பிறகு உயர்த்திய கையால் வண்டியின் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார், போ போ என்று.