சாப்பாட்டு மேசையில் ஒரு தீர்ப்பு

அகதி விசாரணையில்கூட என்னிடம் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்ல நேரம் தந்தார்கள், குடிக்கத் தண்ணீரும் தந்தார்கள். அந்த அமெரிக்கர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த மரியாதைகூட எனக்குக் கிடைக்கவில்லை.

சுவிட்சர்லாந்தில் சூக் நகரத்துக்குப் பக்கத்து ஊரில், ஏரியைப் பார்த்தபடி மேட்டில் இருந்த வீடு அது. ஒரு துப்புரவுக் கம்பனியின் ஆளாக மூன்று வருடம் அங்கே வேலைக்குப் போனேன். வீட்டுக்காரர் ஏதோ பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞர். அவருடைய வம்சம் அமெரிக்கா தனி நாடான காலத்திலிருந்தே அரசியலிலும் நீதிமன்றத்திலும் இருந்ததாம். மாடிப்படி நெடுக அவர்கள்தான் படங்களாகத் தொங்கினார்கள். ஒருவர் செனட்டர், அவர் மகன் நீதிபதி, அவர் மகன் கவர்னர், பிறகு மறுபடி நீதிபதி. மேலிருந்து கீழே வர வர மீசை குறையும், கர்வம் குறையாது. மூக்கர், உம்மணாமூஞ்சி என்று பட்டப்பெயர் வைத்துத்தான் நான் அவர்களைத் தூசி தட்டினேன். இவர் மட்டும் நீதிபதி ஆகவில்லை. அந்தக் குறையை வீட்டில் தீர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

வம்சத்தின் முதல் நீதிபதி தீர்ப்புச் சொல்லும்போது தட்டிய மரச்சுத்தியல் சாப்பாட்டு அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு திங்கட்கிழமை அந்தப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது.

என்னைக் கூப்பிட்டு மேசையின் கால்மாட்டில் நிறுத்தினார். அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். என் கையுறையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. நான் வாயைத் திறந்ததும் கையை உயர்த்தினார்.

"கேள்வி தேவையில்லை. முகத்தைப் பார்த்தே ஆளை அறிகிற குடும்பம் எங்களுடையது."

போலீசுக்குப் போகமாட்டாராம், அது அவருடைய கருணையாம். மறுநாள் கம்பனி என்னை நிறுத்திவிட்டது.

அப்போது என் கையில் இருந்தது F அனுமதி, தற்காலிகமாகத் தங்க மட்டும் விடுகிற அட்டை. அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போக முடியாது. நிரந்தர வேலை இருந்தால் கிடைக்கிற B வதிவிட அனுமதிக்குப் போட்டிருந்த மனு, வேலை போனதால் அப்படியே நின்றுவிட்டது. அது நின்றுகிடந்த காலத்தில்தான் யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்தார். செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. மாலை தெரிந்தது, குத்துவிளக்கு தெரிந்தது. முகத்துக்குக் கிட்டப் போகும்போதெல்லாம் படம் அறுந்துபோனது.

எனக்குப் பிறகு அந்த வீட்டு வேலைக்குப் போனவர் எம்மன்புரூக்கே என்ற ஊரில் இருந்த ஓர் அக்கா. அடுத்த வருடக் கோயில் திருவிழாவில் என்னைக் கண்டதும் ஓரமாக இழுத்துப் போனார்.

"சுத்தியல் பெட்டிக்குள்ளதான் கிடக்குது, பிள்ளை. அந்த வீட்டு மனுசி தன்ர கிளப்பில ஏலம் போடேக்க தட்டக் கொண்டுபோய், அங்கயே மறந்துபோட்டு வந்தவவாம். வாற ஆக்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கினம்."

அவர்களுக்கு அது ஒரு பகிடிக் கதை. எனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டாம், ஒரு தொலைபேசி அழைப்பாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை.

பிறகு முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்தது. அந்த அமெரிக்கர் இருந்த அதே ஊரில், ரயில் பாதையோரம் வீடு கிடைத்தது. ஒவ்வொரு அனுமதியாக ஏறி, கடைசியில் சுவிஸ் குடிமகளும் ஆனேன். உள்ளூர்க் கட்சிக்காரர் என்னை, யாருக்குக் குடியுரிமை கொடுப்பது என்று முடிவெடுக்கிற ஊர்க் குழுவுக்குத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். அவர்களுடைய விளம்பரப் படத்துக்கு ஒரு கறுப்பு முகம் தேவைப்பட்டது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், வென்றேன்.

போன வருடம் குழுவுக்கு வந்த மனுக்களில் ஒன்று அந்த அமெரிக்கருடையது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் கணவர் சட்டம் பேசுகிறவர். விண்ணப்பக்காரரோடு முன்விவகாரம் இருந்தால் குழு உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது, எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது விதி.

"நீர் எழும்பிப் போகத்தான் வேணும்" என்றார்.

"போறன். ஏனெண்டு அந்தாளுக்கு முன்னால சொல்லிப்போட்டுப் போறன்."

குழுத் தலைவிக்கு நான் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். வேண்டுமென்றே அறிவிக்கவில்லை. நேர்காணல் அன்று அந்த அமெரிக்கர் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து எனக்கு நேரெதிரே உட்கார்ந்தார். இந்த ஊர் மனிதர்களோடு எப்படிப் பழகுகிறீர்கள் என்று தலைவி கேட்டார். பட்டியல் போட்டுச் சொன்னவர், கடைசியில் தன் வீட்டில் வேலை செய்தவர்களைக்கூடத் தன் குடும்பமாகவே நினைத்ததாகச் சொல்லி முடித்தார்.

நான் எழுந்தேன். இவர் வீட்டில் மூன்று வருடம் வேலை செய்தேன், ஒரு கேள்வியும் கேட்காமல் என்னைக் கள்ளி என்று தீர்த்து அனுப்பினார், ஆகவே இவரைப் பற்றி முடிவெடுக்க எனக்கு உரிமையில்லை என்று சுவிஸ் ஜெர்மனில், ஊர்ச் சனம் கதைக்கிற மாதிரியே சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார். ஏதோ தவறு நடந்திருக்கிறது, இந்த அம்மாவைத் தான் வாழ்க்கையில் கண்டதேயில்லை என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது, அவரையும் கவிழ்த்தது. மற்ற உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவி பேனாவை எடுத்தார்.

நான் வெளியே போய் நடைவழியில் இயந்திரக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. நேரே என்னிடம் வந்து, நீங்கள் யார், எந்த வருடம், எதற்காக என்று அடுக்கினார். நான் கையை உயர்த்தினேன்.

"கேள்வி தேவையில்லை" என்றேன்.

அவருக்கு அப்போதும் நினைவு வரவில்லை.

மனுவை ஒத்திவைத்துவிட்டதாகப் பிறகு அறிந்தேன். ஊர் மக்களோடு இன்னும் பழகிவிட்டு வரச் சொன்னார்களாம். அன்று வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சினேன். இரண்டாம் தடவை சோறு போட்டபோது கணவர் என்னைப் பார்த்தார்.

"இப்ப மனம் ஆறிட்டுதோ?"

"இல்லை" என்றேன். "அம்மான்ர முகத்தை நான் பாக்கேல்லைத்தானே."