மாமா போனை எடுக்காத மூன்று நாட்கள்

அரைத்த மஞ்சளின் வாசம் வீடு முழுக்க... ஹாலில் பேப்பர் விரித்து, என் கல்யாணப் பத்திரிகைகளைப் பரப்பி வைத்திருந்தோம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஃபேனை ஒன்றில் வைத்துக் காயவிட்டிருந்தோம். ஃபேனை இரண்டில் வைத்தால் எல்லாம் பறந்து சோஃபாவுக்கு அடியில் போய்விடும்.

கார்டைத் தேர்ந்தெடுக்கவே திண்டுக்கல்லில் நாலு கடை ஏறி இறங்கினோம். அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி பெரிய எழுத்து வேண்டும். அம்மாவுக்குத் தாடிக்கொம்பு பெருமாள் படம் வேண்டும். எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. வேலை பார்க்கிற இடத்து ஃப்ரெண்ட்ஸுக்காகத் தனியாக ஒரு 'சேவ் த டேட்' டிசைன் பண்ணி வைத்திருந்தேன். நானும் அவரும் புல்லட்டில் போகிற மாதிரி கார்ட்டூன். அதில் அவருக்கு மூக்கு கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

அன்றைக்கு மஞ்சள் கையோடு அதை ஆபீஸ் குரூப்புக்கு அனுப்பினேன். அதாவது, அனுப்பினதாக நினைத்தேன்.

அரை நிமிஷத்தில் சித்தியிடமிருந்து "வாழ்த்துகள்டா தங்கம்" என்று வந்தது. சித்தி எப்படி ஆபீஸ் குரூப்பில்?

சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் இருக்கிற குரூப்பில் போட்டிருக்கிறேன்! அனுப்பியதை அழிக்கிற வசதி அப்போது கிடையாது. படித்தவர்கள் பட்டியலைத் திறந்தால், அதில் மாமா பெயரும் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்கள் பக்கம் முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு வீட்டுக்கே போய் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் சொந்தத்தில் வேறு யாருக்கும் தேதியே சொல்லக் கூடாது. சித்தி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையை யாரோ பஸ்ஸில் வந்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். மாமா அதை டி.வி. மேல் வைத்தவர்தான், கல்யாணத்துக்கே போகவில்லை. மணவறையில் தாய்மாமன் போட வேண்டிய மாலையை வேறு யாரோ போட்டார்கள். அம்மாவுக்கும் சித்திக்கும் மாமா ஒரே அண்ணன்.

அம்மா போன் போட்டார். எடுக்கவில்லை. சாயங்காலம் போட்டார். மறுநாள் காலையில் போட்டார். ஒரே ஒரு தடவை அத்தை எடுத்தார். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "அவுக தோட்டத்துல நிக்கிறாக, வந்ததும் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

"ஒரு படந்தானடி, மச்சான் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு" என்றார் அப்பா.

"ஒங்களுக்கு என்ன தெரியும்? பொறந்த வீட்டு மாலை இல்லாம எம்புள்ள மணவறைல உக்காரணுமா?" என்று அம்மா அழுதார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. குலசாமிக்கு வைத்துவிட்டு நேராகச் சாணார்பட்டிப் பக்கம் மாமா ஊருக்குப் போனோம். அன்றைக்கே இன்னும் பன்னிரண்டு வீடு முடிக்க வேண்டும் என்று அப்பா லிஸ்ட் வைத்திருந்தார்.

மாமா வாசலிலேயே நின்றார். தோட்டத்தில் நிற்கிற மனுஷன், அந்த உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி சட்டையில்!

அம்மா தட்டை நீட்டும்போதே உடைந்துவிட்டார். "அண்ணே... புள்ள தெரியாமப் போட்டுட்டா..."

மாமா தட்டை வாங்கவில்லை. அம்மாவையே பார்த்தார்.

"நீ இந்த வீட்டுக்கு வந்து எத்தன வருசமாச்சு செல்வி?"

அம்மா அங்கே போய் நாலு வருஷம். டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். சண்டை ஒன்றும் கிடையாது, வருத்தமும் கிடையாது. சும்மா... போகவில்லை.

"போன எடுத்திருந்தா, வந்து தட்ட நீட்டிட்டு, தண்ணிகூடக் குடிக்காம அடுத்த வீட்டுக்கு ஓடிருப்ப. நான் கோவமா இருக்கேன்னு நெனச்சாத்தான செத்த நேரம் உக்காருவ? அதான் எடுக்கல."

சொல்லிவிட்டு ரெண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "படம் நல்லாத்தான்த்தா இருக்கு. மாப்பிள்ளைக்கு நெசமாவே இம்புட்டுப் பெரிய மூக்கா?" என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் எனக்கு விக்கலே எடுத்துவிட்டது.

"சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் நாலு வச்சிருக்கேன், சாப்புடாம ஒருத்தரும் கெளம்பக் கூடாது" என்று உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார். அவரும் கூட்டுக் களவாணி! பன்னிரண்டு வீடும் மறுநாளைக்குத் தள்ளிப் போனது. அம்மாவும் மாமாவும் பொழுது சாயும்வரை பேசினார்கள். அப்பா லிஸ்ட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். கல்யாணத்தன்று மாலை போட முதல் ஆளாக வந்து நின்றது மாமாதான்.

இப்போதெல்லாம் பத்திரிகை போனிலேயே வந்துவிடுகிறது. நானும் ஒரு ஹார்ட் போட்டு, காலண்டரில் குறித்து வைத்துக்கொள்கிறேன். குறை சொல்ல மாட்டேன்... அந்த வெயிலில் வீடு வீடாக அலைந்தவளுக்குத்தான் இதன் அருமை தெரியும். தப்பாக அனுப்பினாலும் உடனே அழித்துவிடலாம்.

ஆனால் அம்மா மாறிவிட்டார். என் கல்யாணம் முடிந்த மறுமாசமே தனியாக பஸ் ஏறி மாமா வீட்டில் போய் இறங்கியிருக்கிறார். மாமா பதறிப்போய், "என்னத்தா, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாராம்.

"ஒருத்தருக்கும் இல்லண்ணே. சும்மா வந்தேன்."

மாமா உள்ளே திரும்பி அத்தையிடம் சத்தமாகச் சொன்னாராம்: "ஏய், சும்மா வந்துருக்காளாம்! ஒல வையி!"