பதிலுக்கு யார் வருவார்கள் என்று கேட்ட அப்பா

இன்று காலைத் திருப்பலியில் எங்களோடு நின்று, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அப்பாவின் தொழில் நண்பர்களுக்கும், குப்பத்து மக்களுக்கும் அவருடைய ஒரே மகள் வணக்கத்துடன் எழுதுவது. அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய வாழ்க்கையை முறையாக எழுதித் தரும்படி பெரியப்பா கேட்டுக்கொண்டார். மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் அவருடைய கடைசி எட்டு மாதங்களிலேயே போய் நின்றேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் நடந்தது எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஆகவே தெரிந்ததைத் தெரிந்தபடியும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது இதே சாந்தோம் கடற்கரையில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாக. எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. தாத்தா கடலுக்கு அழைத்துப் போனார். கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கரை கண்ணுக்கு மறைந்ததும் வாந்தி. ஒரு வருடம் பார்த்துவிட்டு, காசிமேட்டில் ஒரு மெக்கானிக்கிடம் சேர்த்துவிட்டார்கள். ஃபைபர் போட்டுகளின் இன்ஜின் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு திரும்பினார். மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாவை மணந்தார். சுனாமிக்குப் பிறகு மணல் ஏறிப்போன இன்ஜின்களை மாதக்கணக்கில் கழற்றிக் கழுவிக் கொடுத்தார் என்பது அம்மா சொல்லித் தெரியும். நான் அப்போது கைக்குழந்தை. எந்த இன்ஜினைப் பார்த்தும் இது முடியாது என்று அவர் சொன்னதில்லை. அதே போல, புரியாத ஒன்றைப் புரியவில்லை என்று சொல்ல அவர் கூச்சப்பட்டதும் இல்லை. என் வெளிநாட்டுப் படிப்பு விஷயத்தில் மட்டும் ஏன் என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தார் என்பதுதான் என் முதல் குழப்பம்.

நான் முதுகலைப் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் உண்டு. துறைத்தலைவர் மேடம் என் பெயரைப் பரிந்துரைத்தார். ஒரு செமஸ்டர், ஐந்து மாதம், போலந்து நாட்டில். வீட்டுக்கு வந்து, எக்ஸ்சேஞ்சில் போகக் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னேன். அம்மா வேண்டாம் என்றார். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, போய் வா என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு நான் தாள்களுக்குள் மூழ்கினேன். அப்பாவின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், திருமுழுக்குச் சான்றிதழில் வேறு விதம். எங்கள் பக்கத்தில் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லாததால், பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரையே போட்டார்கள். போலந்திலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் அவர் பெயரைச் சொல்லியே என்னை அழைத்தன. ஒன்றை அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"என் பேரப் போட்டு இன்னாத்துக்கு லெட்டரு வருது? நானா போறேன்?"

எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார். புரிந்ததா என்று தெரியவில்லை.

அதே நாட்களில் அவர் வேறு ஒரு வேலை தொடங்கினார். முன்னறையில் இருந்த இன்ஜின் சாமான்களை எல்லாம் எடுத்து நண்பர் ஒருவரின் ஷெட்டில் போட்டார். அறைக்குப் பூச்சு பூசினார். கொத்தனாரை அழைத்து வந்து வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தார். கட்டில் வந்தது. சாமான்களைப் பார்த்து, அப்பா தொழிலை விடப்போகிறார் என்று நான் பயந்தேன். கட்டிலைப் பார்த்து, எனக்கு ரகசியமாக மாப்பிள்ளை பார்க்கிறார் என்று அம்மா முடிவு செய்து, ஒரு வாரம் அவருக்குச் சோறு மட்டும் போட்டார், பேசவில்லை. குப்பத்தில் என்னைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் நான் விசாவுக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, அந்தப் பொண்ணு மீன் துன்னுமா?"

"எந்தப் பொண்ணுப்பா?"

"ஒனக்குப் பதிலா வர்ற பொண்ணு."

எனக்கு முதலில் எதுவும் ஓடவில்லை. பிறகு மெல்லத் தெளிந்தது. எக்ஸ்சேஞ்ச் என்றால் மாற்றிக்கொள்வது. நான் அங்கே ஒரு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டுப் பெண் இங்கே நம் வீட்டுக்கு வரும். அப்படித்தான் அப்பா புரிந்துகொண்டிருந்தார். நான்கு மாதமாக அந்தப் பெண்ணுக்குத்தான் வீட்டைத் தயார் செய்திருக்கிறார். குப்பம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். பங்குத்தந்தையிடமும் சொல்லியிருக்கிறார்.

அப்படி யாரும் வரமாட்டார்கள், நான் அங்கே விடுதியில்தான் தங்குவேன் என்றேன். அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை.

"அப்பறம் இன்னாத்துக்கு எக்ஸ்சேஞ்ச்னு பேரு வெச்சான்?"

பிறகு அம்மா காதில் விழாதபடி சொன்னார். "ஊட்ல ஒரு பொண்ணு இருக்கும், ஒங்கம்மா தனியா இருக்க மாட்டான்னுதான் நான் சரின்னேன்."

அப்படியானால் இப்போது போகலாமா, கூடாதா? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மறுநாள் மேடத்திடம் போய், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, பெயரை எடுக்க மறுத்து, வெளிநாட்டிலிருந்து இங்கே வரும் மாணவர்களும் இருக்கிறார்கள், அடையாறு விடுதியில் தங்குகிறார்கள் என்றார். ஒரு வருடப் படிப்புக்கு வந்திருந்த எலீஸ் என்ற பெண்ணை அறிமுகப்படுத்தினார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தேன்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா வஞ்சிரம் வறுத்திருந்தார். எலீஸ் முள் எடுக்கத் தெரியாமல் திணறியபோது அம்மாதான் எடுத்துக் கொடுத்தார். போலந்தில் எந்த ஊர் என்று கேட்கச் சொன்னார் அப்பா. அவள் பிரான்ஸ் என்றாள். அப்பா என்னைப் பார்த்தார்.

"நீ போறது போலந்து. இது வர்றது பிரான்ஸு. எங்கியோ இடிக்குதே."

ஒப்பந்தங்கள் பல நாடுகளோடு உண்டு என்று விளக்கினேன். அன்று மாலை எலீஸ் கிளம்பியபோது, பெட்டி எங்கே, ஏன் திரும்பிப் போகிறாள் என்று கேட்டார். அதையும் விளக்கினேன். என் விளக்கங்கள் எதுவும் அவருக்குத் திருப்தி தரவில்லை என்று மட்டும் தெரிந்தது.

ஆனால் விசா மையத்துக்கு நான் போன நாளில் அப்பாவே உடன் வந்தார். உள்ளே அவரை விடவில்லை. அண்ணா சாலையில், பஸ் நிறுத்தத்தின் நிழலில் மூன்று மணி நேரம் நின்றார். நான் வெளியே வந்ததும் முதலில் கேட்டது இதுதான்.

"திரும்பி வருவியான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்கப்பா."

"இன்னா சொன்ன?"

"வருவேன்னு சொன்னேன்."

"எழுதி வாங்கிக்கினாங்களா?"

"கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன்."

"அப்ப சரி" என்றார். பிறகு இருவரும் தேனாம்பேட்டையில் ஒரு கடையில் டீ குடித்தோம். போவதைப் பற்றி அவர் பேசியது அதோடு முடிந்தது. விமான நிலையத்தில்கூட, சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடு என்றதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர், நான் உள்ளே போன பிறகும் வேறு ஒரு பெண்ணைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் பதிலுக்குக் கையாட்டியதாக அம்மா பிறகு சொன்னார்.

போலந்து சென்ற மூன்றாம் மாதம், ஒரு காலை வகுப்பில் இருந்தபோது அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது எலீஸ். கரையில் ஒரு இன்ஜினைத் திறந்துகொண்டிருந்த அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அந்தச் செய்தி புரியவே இல்லை. நீ எப்படி என் வீட்டில் இருக்கிறாய் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் வருகிறேன், அப்பா பஸ் நிறுத்தத்துக்கு வந்து அழைத்துப் போவார், இன்று செய்தி கேட்டு ஓடிவந்தேன் என்றாள். வாரம் தவறாமல் என்னோடு போனில் பேசிய அப்பா இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று அம்மாவுக்கும் தெரியாது.

இரண்டு விமானம் மாறி வந்தேன். எனக்காக நல்லடக்கத்தை ஒரு நாள் தள்ளிவைத்திருந்தார்கள். குளிர்பெட்டிக் கண்ணாடி வழியாகத்தான் அப்பாவைப் பார்த்தேன். அன்று மாலையே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம்.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்ததும் புதிய குழப்பம் வந்தது. செமஸ்டர் முடிய இரண்டு மாதம் இருந்தது. திரும்பிப் போனால் அம்மாவை விட்டுவிட்டுப் போனவள் ஆவேன். போகாவிட்டால், வீட்டைப் புதுப்பித்து அப்பா அனுப்பிவைத்தது என்ன ஆவது? உறவினர்களில் பாதிப் பேர் போ என்றார்கள், பாதிப் பேர் இரு என்றார்கள். அப்பா உன் படிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசினார் என்றார் ஒரு மாமா. நீ கிளம்பிய அன்று படகு மறைவில் உட்கார்ந்து அழுதார் என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். கடைசியில் அம்மாவிடமே கேட்டேன். மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏழு நாளுக்குப் பிறகு அன்றுதான் மார்க்கெட்டுக்குப் போய் வந்திருந்தார்.

"என்னக் கேட்டா எனக்கு இன்னா தெரியும்? ஒங்கப்பாவுக்கும் ஒண்ணும் தெரியாது. தெரியாமத்தான் அனுப்பினாரு. நீயும் தெரியாமத்தான் போன. இப்ப மட்டும் தெரிஞ்சிக்கினா போவப்போற?"

அதை நான் போ என்பதாக எடுத்துக்கொண்டேன். சரியாக எடுத்துக்கொண்டேனா என்று அம்மாவிடம் இன்றுவரை கேட்கவில்லை. போனேன், தேர்வுகளை எழுதினேன், ஜூன் மாதக் கடைசியில் வீடு திரும்பினேன்.

அப்பாவைக் கரையிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடிய தொழில் தோழர்களுக்கும், எனக்காக ஒரு நாள் காத்திருக்கச் சம்மதித்த பங்குத்தந்தைக்கும் பெரியப்பாவுக்கும், நான் இல்லாத இரண்டு மாதமும் முறைபோட்டு அம்மாவோடு படுத்துறங்கிய, எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்களுக்கும், டிக்கெட் எடுத்துத் தந்த மேடத்துக்கும் எங்கள் நன்றி. எலீஸ் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டாள். இந்த மலரில் ஒன்று அவளுக்கும் தபாலில் போகிறது. தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் அப்பாவின் படத்தைப் பார்ப்பாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பதிலுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் அப்பா ஏன் என்னைத் தடுக்கவில்லை என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. வீட்டில் பேசாதவர் உங்களோடு பேசியிருப்பார், கரையில், டீக்கடையில், இன்ஜினுக்குப் பக்கத்தில். உங்களில் யாரிடமாவது காரணத்தைச் சொல்லியிருந்தால், இன்று சாப்பாடு முடிந்து கிளம்பும் முன் என்னிடம் வந்து சொல்லுங்கள். வாசலிலேயே நின்றுகொண்டிருப்பேன்.