கொக்கியில் தொங்கிய சட்டை

தருமபுரியிலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை கசங்கிவிடக் கூடாதென்று அதை ஜன்னலோரக் கொக்கியில் மாட்டிவிட்டு, பனியனோடு இருந்தார். ஓசூரில் இன்டர்வியூவாம்.

"நீங்க மேனேஜர்னு வெச்சுக்கிட்டு என்னைக் கேள்வி கேளுங்க சார். வாய்விட்டுச் சொல்லிப் பாத்துட்டா அங்க போயி திக்காதுங்க" என்றார். ஒவ்வொரு முறையும் யாரையாவது இப்படிக் கேட்பாராம்.

ஓட்டிய மெஷின்களைப் பற்றியெல்லாம் தடங்கலில்லாமல் சொன்னார். "சின்னப் பசங்க இத்தனை பேர் இருக்க, உங்களை ஏன் எடுக்கணும்?" என்று நான் கேட்டதும், எழுந்து கொக்கியில் ஆடிய சட்டையை நேராக்கினார். ராயக்கோட்டை தாண்டியும் அதன் மடிப்பையே நீவிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கவே வேண்டாமோ என்றிருந்தது.

"நானா இருந்தா கண்டிப்பா எடுப்பேங்க" என்றேன்.

ஓசூர் வந்தது. சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டியபடியே சொன்னார்: "ரயில்ல எல்லாருமே என்னை எடுத்துக்கறாங்க சார்."