விமானத்தில் சோப் பண்ணிய ஜன்னல்

சிங்கப்பூர் பிடோக்கில் எங்கள் வீடு பதினோராம் மாடி. சமையலறைப் பக்கம் துணி காயப்போட நின்றால், தூரத்தில் கொஞ்சம் கடலும் கடலுக்கு மேல் விமானம் ஏறிப் போவதும் தெரியும். இத்தனை வருஷமாகக் கீழே இருந்து அண்ணாந்து பார்த்தாயிற்று. மேலே இருந்து கீழே பார்த்ததில்லை. விமானம் ஏறாதவள் இல்லை நான். நாலு தடவை தமிழ்நாட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். நாலு தடவையும் ஜன்னலைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "அம்மாவுக்கு முட்டி வலி, காலை நீட்டணும்" என்று என்னை நடக்கிற வழியோரம் உட்கார வைத்துவிட்டார்கள். நான் பார்த்ததெல்லாம் சாப்பாட்டு வண்டியும், கழிவறைக்குப் போகிறவர்களின் இடுப்பும்தான்.

எதிர்வீட்டுச் சீன அக்கா அப்படியில்லை. எங்கே போய்விட்டு வந்தாலும் லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்தி, மலாய் மொழியில், கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். நம் அடுக்குமாடி புளோக்கை மேலே இருந்து பார்த்தாளாம், நிமிர்த்தி வைத்த பிஸ்கட் மாதிரி இருந்ததாம். எல்லாம் சொல்லிவிட்டு, "நீ பார்த்ததே இல்லையா?" என்று கடைசியில் ஒரு கேள்வி. அந்தக் கேள்விதான் எனக்கு ஆகாது. நான் அவளுக்கு எதிலும் குறைந்தவள் இல்லை.

அதனால்தான் போன வருஷம் தங்கை மகள் கல்யாணத்துக்குத் திருச்சிக்குத் தனியாகக் கிளம்பும்போது, கல்யாணத்தைவிட இது ஒன்றுதான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் புளோக்கை நான் என் கண்ணால் மேலே இருந்து பார்க்க வேண்டும்.

மகன்தான் டிக்கெட் எடுத்தான். "வீல்சேர் சொல்லட்டுமாம்மா?" என்றான்.

"ஏன், எனக்கு நடக்கத் தெரியாதா? ஜன்னல் சொல்லு."

"ஜன்னல் எஃப் சீட்டும்மா. அது போயிடுச்சு. உங்களுக்குப் பக்கத்து சீட்டு, இருபத்தொண்ணு இ."

"அந்த எஃப் ஆளு வரலைன்னா?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் பஸ் நம்பரும் புளோக் நம்பரும் ஏபிசிடியும் எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வயதானவர்களை முதலில் விட்டார்கள். உள்ளே போய் இருபத்தொன்றைக் கண்டுபிடித்தேன். எஃப் காலி. ஜன்னல் வழியாக வெயில் வந்து அந்தச் சீட்டின்மேல் விழுந்து கிடந்தது, எனக்காகவே துடைத்து வைத்த மாதிரி. கைப்பையிலிருந்து டிஷ்யூ பொட்டலம் ஒன்றை எடுத்து அதன் நடுவில் வைத்தேன். கதவு சாத்தட்டும், பிறகு நகர்ந்துகொள்ளலாம் என்று என் இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டேன்.

எங்கள் ஊரில் இதற்குப் பெயர் சோப். சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் மேசை கிடைக்காது. முதலில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டு, அப்புறம்தான் சாப்பாடு வாங்க வரிசையில் போய் நிற்பார்கள். வைத்தவர் திரும்பி வரும்வரை அந்த இடம் அவருடையது. டேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைகளில் இருபத்தேழு வருஷம் மேசை துடைத்தவள் நான். தட்டை எடுப்பேன், எலும்பை அள்ளுவேன், சிந்திய குழம்பைத் துடைப்பேன். டிஷ்யூ இருந்தால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துடைத்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைப்பேன். டை கட்டினவர் வந்து உட்காரப் பார்த்தாலும், "ஆள் இருக்கு சார்" என்பேன். என்னை எதிர்த்துப் பேசினவர் கிடையாது.

ஆட்கள் ஏறி ஏறி அடங்கினார்கள். எஃப்புக்கு யாரும் வரவில்லை.  இன்னும் நாலு பேர், இன்னும் இரண்டு பேர். கதவுப் பக்கம் பார்த்தேன். அப்போதுதான் முன்னாலிருந்து ஒரு கூச்சல் வந்தது. ஆள் தெரிவதற்கு முன்னால் சத்தம் வந்துவிட்டது. பிறகு இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண், அவள் கையில் தொங்கிக்கொண்டு ஐந்து வயசுப் பெண்பிள்ளை. மிதித்தால் விளக்கு எரிகிற சப்பாத்து போட்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு அலறல், ஒரு வெளிச்சம்.

என் வரிசையில் வந்து நின்றார்கள்.

"பாப்பா, ஜன்னல் உன்னோடது, ஏறு" என்ற அந்தப் பெண் டிஷ்யூவைப் பார்த்தாள். "இது உங்களோடதாங்கம்மா?"

"ஆமா. நான் சோப் பண்ணிட்டேன்."

"என்னது?"

"சோப், சோப். முன்னாடியே சோப் பண்ணி வச்சாச்சு."

அவள் முகம் மாறியது. குனிந்து சீட்டைத் தடவிப் பார்த்தாள். விரலை மோந்தும் பார்த்தாள். "ஏங்கம்மா, உட்கார்ற எடத்துல போயா சோப்பு போட்டீங்க?"

பிள்ளைக்கு அது போதும். "சோப்பு சீட்டு வேணாம்! ஃப்ராக் நனைஞ்சுடும்! வேணாம்!" என்று வீறிட்டது. அதைக் கேட்டு இடுப்பில் இருந்ததும் வீறிட்டது. நாலு வரிசை எழுந்து பார்த்தது.

முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த தம்பி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். எங்கள் ஊர்ப் பிள்ளைதான், பேச்சிலேயே தெரிந்தது. டிஷ்யூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "ஆன்ட்டி, பிளேன்லயுமா சோப் பண்ணுவீங்க? இது என்ன ஃபுட் சென்டரா லா?"

"ஏன், ஃபுட் சென்டர்னா மட்டமா?"

"ஐயோ, இல்ல ஆன்ட்டி. இங்க டிக்கெட்லயே சீட்டு போட்டிருக்கு. டிஷ்யூ செல்லாது." பிறகு அந்தப் பெண்ணிடம் விளக்கினார். "சோப்பு இல்லக்கா. சிங்கப்பூர்ல எடம் பிடிக்கிறதுக்கு அப்படிச் சொல்வோம். சீட்டு காஞ்சுதான் இருக்கு."

அவளும் சிரித்தாள். எனக்குத்தான் முகமெல்லாம் சூடாகிவிட்டது. டிஷ்யூவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிள்ளை என்னைத் தாண்டிக்கொண்டு போய் எஃப்பில் ஏறியது. போகிறபோது விளக்குச் சப்பாத்தால் என் முட்டியில் ஒரு உதை.

"அம்மா, நீங்க ஓரத்துக்கு வந்துட்டீங்கன்னா நான் பாப்பா பக்கத்துல இருந்துக்குவேன்" என்றாள் தாய்.

நியாயமாக நான் எழுந்திருக்க வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் எழுந்தால் மறுபடியும் நடக்கிற வழி, மறுபடியும் இடுப்புகள். "என் டிக்கெட்டுல இ தான் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டேன். முன்னால் இருந்த தம்பியின் தோள் குலுங்குவது சீட்டு இடுக்கில் தெரிந்தது.

நடுச் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் பாதி ஜன்னலாவது கிடைக்கும் என்பது என் கணக்கு. அந்தப் பிள்ளை ஜன்னல் மூடியைப் படக்கென்று கீழே இழுத்து அடைத்தது.

"ஏன் பாப்பா, திறந்து வை."

"மாட்டேன்! கீழ பார்த்தா விழுந்துடுவோம்!"

பணிப்பெண் வந்து, விமானம் ஏறும்போது மூடி திறந்திருக்க வேண்டும் என்று கையால் காட்டி மேலே தள்ளிவிட்டுப் போனாள். அவளைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் அந்தப் பக்கம் போனதும், பிள்ளை இரண்டு கையையும் விரித்து ஜன்னலில் ஒட்டி, நடுவில் தலையையும் வைத்து அழுத்திக்கொண்டு, "வேணாம், வேணாம்" என்று ஒரே ஓலம். எனக்குத் தெரிந்தது இரண்டு சடையும் ஒரு ரிப்பனும்தான்.

விமானம் ஓட ஆரம்பித்தது. சீட்டு அதிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும், மேகத்துக்குள் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. கெஞ்சுவது என் பழக்கமில்லை. பேரம் பேசுவேன்.

"பாப்பா, நீ கண்ணை இறுக்கி மூடிக்கோ. தலையை என் பக்கம் சாய்ச்சுக்கோ. விழுந்தா நான் பிடிச்சுக்கிறேன். கீழ என்ன இருக்குன்னு நான் பார்த்துச் சொல்றேன்."

"நீங்க விழமாட்டீங்களா பாட்டி?"

பாட்டியாம். எங்கள் ஊரில் எல்லோரும் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அதைப் பேச அப்போது நேரமில்லை. "நான் எவ்வளவு கனம் பார்த்தியா? என்னை யாரும் தள்ள முடியாது."

பிள்ளை ஈரக் கன்னத்தோடு என் தோளில் வந்து சாய்ந்தது. ஜன்னல் முழுசாகத் திறந்தது. அந்த நேரம் பார்த்துத் தரை எங்களை விட்டுவிட்டது.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! வயிறு கீழே நின்றுவிட்டது, நான் மேலே போய்விட்டேன். கடல் சாய்ந்து வந்தது. கடல் முழுக்கக் கப்பல். கடற்கரையில் நின்று பார்த்தால் இருபது முப்பதுதான் தெரியும். இது மேசையில் கடலையைக் கொட்டிவிட்ட மாதிரி.

"சொல்லுங்க பாட்டி!"

"கப்பல் பாப்பா. சிவப்புக் கப்பல், பச்சைக் கப்பல். ஒண்ணு வாலு மாதிரி வெள்ளையா நுரை விட்டுக்கிட்டுப் போகுது. அம்மாடி, எவ்வளவு!"

"எங்க?" என்று பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டது. திறந்தது மட்டுமா, ஜன்னலை மறுபடியும் தலையால் மறைத்துவிட்டது. இந்தத் தடவை பயத்தில் இல்லை, ஆசையில். "கப்பல்! அம்மா, கப்பல்!" நானும் விடவில்லை. அவள் கன்னத்தோடு என் கன்னத்தை வைத்து ஒட்டிக்கொண்டேன். ஒரு ஜன்னலில் இரண்டு மூக்கு.

அப்போது விமானம் எங்கள் பக்கம் சரிந்தது. கடல் நகர்ந்து போய்க் கரை வந்தது. மணல், மரம், நீளமான ரோடு, அதற்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாகப் புளோக்குகள். வெள்ளை வெள்ளையாக, வெயிலில் பளபளவென்று. பிஸ்கட் என்று அந்த அக்கா சொன்னது பொய். பிஸ்கட் இவ்வளவு அழகாக இருக்குமா? அதில் எங்களுடையது எது? எல்லாம் ஒரே அளவு, ஒரே உயரம். ஒரு கணம் கலங்கிப்போனேன். பிறகு மரக்கூட்டத்துக்குப் பின்னால், கொஞ்சம் கோணலாக நிற்கிற ஒன்றைப் பார்த்தேன். அதுதான். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டேன், ஆனால் அதுதான்.

"அதோ எங்க வீடு! அதோ! பதினோராம் மாடி! அதோ பாரு!" என்று கத்திவிட்டேன்.

முன் சீட்டுத் தம்பி சலிப்போடு திரும்பினார். "பாப்பா, கொஞ்சம் மெதுவாக் கத்தும்மா, காது போகுது."

"பாப்பா இல்லீங்க, இந்த அம்மாதான்" என்றாள் தாய், ஓரச் சீட்டிலிருந்து கழுத்தை நீட்டியபடி.

"நான்தான் தம்பி கத்தினேன். எங்க வீடு தெரியுது. உங்க ஜன்னல்லயும் தெரியும், பாருங்க."

 அவர் தன் ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டார். "எந்தப் பக்கம் ஆன்ட்டி? பிடோக்கா? எங்கம்மா வீடும் அங்கதான்!"

"மரத்துக்குப் பின்னால! கோணலா ஒண்ணு நிக்குது பாருங்க!"

"டாட்டா வீடு! டாட்டா!" என்று பிள்ளை கண்ணாடியைத் தட்டிக் கூவியது. எங்கள் வீட்டுக்கு அவள் டாட்டா காட்டினாள். நானும் காட்டினேன். பின் சீட்டில் யாரோ உஸ்ஸ் என்றார்கள். நாங்கள் கேட்கவில்லை.

பிறகு வெள்ளையாக ஒரு மேகம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. பிள்ளை கொஞ்ச நேரம் வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாட்டி, இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."

எனக்கும் அதைத்தான் கேட்க வேண்டும் போல இருந்தது.