மடுவத்து வாசலில் வரிசை

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு நாங்கள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். எந்தச் சிறு மாற்றத்துக்கும் தோட்டத்தை நடத்தும் துரை கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வேலை அவர் மேசையிலேயே கிடந்து காய்ந்தது. சண்டை பிடித்து அந்தக் கையெழுத்தை ஒழித்தோம். பிறகு வாரத்துக்கு வாரம் புதிதாக ஏதாவது செய்து புரோகிராமில் ஏற்றினோம். எங்கள் ஹட்டன் அலுவலகத்தில் ஒரே பெருமை.

ஒருநாள் மடுவத்துக்குப் போனேன். வெளியே மழையில், கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். உள்ளே கணக்கப்பிள்ளை கம்ப்யூட்டர் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“போன வாரம் கத்துக்கிட்டது இந்த வாரம் இல்லீங்களே தம்பி. கொழுந்து கொண்டாறவங்க பேர் போடுற எடத்த எங்க கொண்டுபோய் வச்சீங்க?”

நானும் தேடினேன். எனக்கும் அகப்படவில்லை. எங்களில் யார் அதை மாற்றியது, எதற்கு மாற்றியது, ஒன்றும் புரியவில்லை. எங்கள் வேலை வேகமாகத்தானே நடக்கிறது, பிறகு ஏன் இந்தக் கூட்டம்?

“முன்னெல்லாம் தொரை கையெழுத்துக்கு நாங்க மாசக்கணக்குல காத்துக் கெடந்தோம்ங்க,” என்று அவருக்கு ஏதோ சமாதானம் சொன்னேன்.

வாசலில் நனைந்துகொண்டிருந்த அக்கா ஒருத்தி கேட்டாள்: “காத்துக் கெடந்தப்ப ஒங்களுக்கு மேல கூர இருந்துச்சா தம்பி?”